மேஜையில் பிறந்த மழை இரவு

1992ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். கலிபோர்னியாவின் பர்பேங்க் நகரில், வார்னர் பிரதர்ஸ் வளாகத்தின் 16ஆம் எண் படப்பிடிப்பு அரங்குக்குள் செயற்கை மழை கொட்டிக்கொண்டிருக்கிறது. சேறும் சகதியுமாக ஒரு சாலை, செயலிழந்த மின்வேலி, இரண்டு கார்கள். நடுவே ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 4 டன்னுக்கு மேல் எடையும் கொண்ட ஒரு டைரனோசாரஸ் ரெக்ஸ். 'கட்' என்ற குரல் கேட்டதும் ஆட்கள் துண்டுகளோடு ஓடிவருகிறார்கள். மழையில் நனைந்து வீடு திரும்பிய பிள்ளைக்குத் தலை துவட்டிவிடுவதுபோல அந்த ராட்சத மிருகத்தைத் துவட்டுகிறார்கள்.

துவட்டாவிட்டால் வேலை நடக்காது. மிருகத்தின் தோல் நுரை ரப்பரால் ஆனது. பஞ்சைப்போல அது தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது. எடை கூடக் கூட, உலர்ந்த தோலுக்கென்று கணக்கிட்டு அமைத்த ஹைட்ராலிக் இயந்திரம் தடுமாறியது. குளிர்காய்ச்சல் கண்டவரைப்போல டைனோசர் வெடவெடவென்று நடுங்கத் தொடங்கிவிடும். அடுத்த ஷாட்டுக்கு முன் அதை உலர்த்தியாக வேண்டும்.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஜுராசிக் பார்க்' 1993 ஜூனில் திரைக்கு வந்தபோது பார்த்தவர்கள் யாருக்கும் இந்தத் துண்டுகள் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் இருட்டு, மழை, ஒரு கர்ஜனை.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 2022இல், அதே இரவு ஒரு கறுப்பு அட்டைப்பெட்டிக்குள் அடங்கிக் கடைக்கு வந்தது. டென்மார்க்கின் லெகோ நிறுவனம் வெளியிட்ட அந்த செட்டின் எண் 76956, பெயர் 'டி. ரெக்ஸ் பிரேக்அவுட்'. உள்ளே 1,212 பிளாஸ்டிக் துண்டுகள். பெட்டியின் மேல் '18+' என்று அச்சிட்டிருந்தது. இது குழந்தைகள் தரையில் ஓட்டி விளையாடுவதற்கான பொருள் என்பதைவிட, பெரியவர்கள் பொறுமையாகக் கட்டி அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கான பொருள் என்பதற்கான அடையாளம் அது. கட்டி முடித்தால் ஓரடிக்குச் சற்றுக் குறைவான அகலத்தில், கறுப்புச் சட்டம் சூழ்ந்த ஒரு காட்சித் தட்டு கிடைக்கும். அதில் சேறு, வேலி, செடிகொடிகள், இரண்டு கார்கள், நான்கு மனிதர்கள், ஒரு டி-ரெக்ஸ். முன்விளிம்பில், கணிதவியலாளர் இயன் மால்கம் படத்தில் சலித்துக்கொள்ளும் ஒரு வசனம் பொறித்த சிறு பலகை. இப்படி ஒரு கணத்தை அப்படியே நிறுத்திக் காட்டும் சிற்றுருக் காட்சியை 'டயோரமா' என்பார்கள். அதே ஆண்டில் 'ஸ்டார் வார்ஸ்' காட்சிகளையும் லெகோ இதே பாணியில் வெளியிட்டது.

மற்ற திரைப்பட நினைவுப் பொருள்களுக்கு இல்லாத ஓர் உறவு இந்த செட்டுக்கு அதன் மூலக் காட்சியோடு இருக்கிறது. அந்த மழை இரவு முதலில் நடந்ததே ஒரு மேஜையின் மேல்தான்.

படம் தொடங்கும் முன்பே, பெர்க்லியில் இருந்த பில் டிப்பெட்டின் குழுவிடம் ஸ்பீல்பெர்க் ஒரு வேலையை ஒப்படைத்திருந்தார். டிப்பெட், சிறு பொம்மைகளை ஒரு ஃபிரேமுக்கு ஒருமுறை கையால் நகர்த்திப் படம்பிடிக்கும் ஸ்டாப்-மோஷன் கலையில் கரைகண்டவர். டி-ரெக்ஸ் சாலைக்கு வந்து கார்களைத் தாக்கும் காட்சியையும், சமையலறையில் வெலாசிராப்டர்கள் குழந்தைகளைத் தேடும் காட்சியையும் அவருடைய குழு சிறு மாதிரிகளைக் கொண்டு முதலில் நடத்திப் பார்த்தது. குட்டி டைனோசர், குட்டிக் கார்கள், குட்டி மனிதர்கள். கேமரா எங்கே நிற்க வேண்டும், மிருகம் எப்போது தலையைக் குனிய வேண்டும், கார் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்ற முடிவுகள் பலவற்றுக்கு அந்த மேஜை ஒத்திகை உதவியது.

அதன் பிறகுதான் ஸ்டான் வின்ஸ்டனின் பட்டறையில் முழு அளவு மிருகம் எழுந்தது. அதுவும் நேராக எழவில்லை. முதலில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் ஒரு சிற்பம் செய்தார்கள். அதைப் பெரிதாக்கி முழு அளவுக் களிமண் உருவம், அதிலிருந்து அச்சு, அச்சிலிருந்து ரப்பர் தோல். உள்ளே இரும்புச் சட்டமும் ஹைட்ராலிக் குழாய்களும். அடித்தளமோ, விமானிகளுக்குப் பயிற்சி தரும் சிமுலேட்டரைப்போல எல்லாப் பக்கமும் சாய்ந்து திரும்பும் மேடை. இத்தனை பெரிய உடலை ஆட்டுவிப்பது எப்படி? அதற்கும் ஒரு குட்டி டி-ரெக்ஸ் இருந்தது. தோலில்லாத, ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள அந்தச் சட்டத்தை நான்கு பொம்மலாட்டக் கலைஞர்கள் கையால் அசைப்பார்கள். சின்னது தலையைத் திருப்பினால் கணினி அந்த அசைவைக் குறித்துக்கொண்டு பெரியதன் தலையைத் திருப்பும். கயிறு இல்லாத பொம்மலாட்டம்.

கணினி வரைகலை இந்தப் படத்தில்தான் தன் பலத்தைக் காட்டியது என்று எல்லோருக்கும் தெரியும். இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தில் டென்னிஸ் மியூரனின் குழு செய்துகாட்டிய சோதனைக் காட்சியைப் பார்த்த பிறகு, ஸ்டாப்-மோஷன் பொம்மைகளால் எடுப்பதாக இருந்த காட்சிகளைக் கணினிக்கு மாற்றிவிட்டார் ஸ்பீல்பெர்க். தன் கலைக்கே முடிவு வந்துவிட்டது என்று டிப்பெட் அப்போது நொறுங்கிப்போனார். ஆனால் டைனோசர் எப்படி நடக்கும், எப்படி மூச்சுவிடும், திரும்பும் முன் எப்படித் தயங்கும் என்பதெல்லாம் அவர் கைகளுக்குத் தெரிந்த அளவுக்குக் கணினி முன் அமர்ந்திருந்தவர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே உணரிகள் பொருத்திய ஓர் இரும்பு எலும்புக்கூட்டைச் செய்தார்கள். அனிமேஷன் கலைஞர் வழக்கம்போல அதைக் கையால் ஒவ்வொரு ஃபிரேமாக அசைப்பார். மூட்டுகளின் கோணங்கள் கணினிக்குள் போகும். திரையில் ஓடிய மிருகத்துக்குப் பின்னால் அப்போதும் ஒரு மேஜையும் ஒரு பொம்மையும் இரண்டு கைகளும் இருந்தன. மியூரன், வின்ஸ்டன், டிப்பெட், மைக்கேல் லான்டியேரி ஆகிய நால்வரும் அந்தப் படத்துக்காக ஆஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நான்காமவரான லான்டியேரியின் பங்கு, படத்தின் மிகச் சின்ன அதிசயம். டி-ரெக்ஸ் கண்ணில் படும் முன்பே அதன் காலடி அதிர்வு காரில் இருக்கும் கோப்பைத் தண்ணீரில் வட்ட வட்டமாக எழும் அல்லவா? காரின் ஒலிபெருக்கி அதிரும்போது கண்ணாடி நடுங்குவதைக் கண்ட ஸ்பீல்பெர்க்குக்குத் தோன்றிய யோசனை அது. தண்ணீரில் அந்த வட்டத்தைக் கச்சிதமாக வரவழைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கடைசியில் ஒரு கிட்டார் தந்தியில் விடை கிடைத்தது. காரின் முன்பலகைக்கு அடியில் தந்தியை இழுத்துக் கட்டி, கீழே ஒருவர் படுத்துக்கொண்டு மீட்டினார்.

கேரி ரைட்ஸ்ட்ராம் செய்த ஒலியையும் சொல்லாமல் விட முடியாது. குட்டி யானையின் பிளிறல், புலி, முதலை என்று பல குரல்களை மெதுவாக்கிக் கலந்துதான் அந்தக் கர்ஜனை பிறந்தது. இரையைக் கவ்வி உதறும் ஓசைக்கு அவருடைய வீட்டு நாய் உதவியது. கயிற்றுப் பொம்மை ஒன்றை அது வாயில் கவ்வி ஆட்டிய சத்தம்! மிருகம் கார்களைத் தாக்கும் அந்தக் காட்சி நெடுகிலும் ஜான் வில்லியம்ஸின் இசை கிடையாது. மழையும் மூச்சும் அலறலும் மட்டும்தான்.

இப்போது பெட்டிக்கு வருவோம். மழையை லெகோவால் தர முடியாது. இருட்டையும் தர முடியாது. கர்ஜனை, நடுக்கம், தண்ணீர் வட்டம் எதுவும் வராது. காட்சியின் உயிரெல்லாம் அசைவிலும் ஒலியிலும் இருக்க, அசையாத பிளாஸ்டிக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதைத்தான் வடிவமைப்பாளர்கள் யோசித்திருக்க வேண்டும். அவர்கள் கண்ட வழி, கணத்தைத் தேர்ந்தெடுப்பது. செட்டில் இருக்கும் நால்வர்: தொல்லுயிர் ஆய்வாளர் ஆலன் கிராண்ட், இயன் மால்கம், குழந்தைகள் லெக்ஸ், டிம். குழந்தைகளோடு அதே காரில் வந்த வழக்கறிஞர் இல்லை. படம் பார்த்தவர்களுக்கு இது ஒன்றே போதும். அவர் பயந்துபோய்க் கழிப்பறைக்குள் ஓடி ஒளிந்த பிறகான நொடி இது. குழந்தைகள் தனியாக இருக்கிறார்கள். இன்னொரு காரில் இருக்கும் இருவரும் இறங்கி வருவார்களா மாட்டார்களா என்ற கேள்வி காற்றில் நிற்கிறது.

இப்படி ஒரே கணத்தில் நின்றுவிட்டதால் இன்னொரு சிக்கலும் தானாகத் தீர்ந்துவிட்டது. சாலையின் மட்டத்திலிருந்து வேலியைத் தாண்டி நடந்து வந்த டி-ரெக்ஸ், சற்று நேரத்தில் அதே பக்கத்தில்தான் காரைத் தள்ளுகிறது. கார் ஆழமான பள்ளத்துக்குள் விழுகிறது. அந்தப் பள்ளம் எங்கிருந்து முளைத்தது என்று ரசிகர்கள் முப்பது ஆண்டுகளாக வரைபடம் போட்டு வாதிடுகிறார்கள். சிற்றுருக் காட்சிக்கு அந்தக் கவலை வேண்டியதில்லை. அங்கே கார் இன்னும் விழவில்லை.

சதுரக் கட்டைகளைக் கொண்டு தசை திரண்ட ஒரு மிருகத்தை எப்படிச் செய்வது என்பது அடுத்த கேள்வி. இதற்கு லெகோவின் அளவுக் கணக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிலுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் டேனிஷ் சொற்களைச் சுருக்கி 1934இல் லெகோ என்று பெயர் வைத்தார். 1949இல் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. ஆனால் அவை ஒன்றையொன்று இறுகப் பிடிக்கவில்லை, லேசாகத் தட்டினாலே பிரிந்துவிடும். அவருடைய மகன் காட்ஃபிரெட் 1958 ஜனவரி 28 அன்று பதிவுசெய்த காப்புரிமைதான் இன்றைய கட்டை. மேலே குமிழ்கள், அடியில் உள்ளீடற்ற குழாய்கள். மேல்கட்டையின் குழாய்களும் சுவர்களும் கீழ்க்கட்டையின் குமிழ்களைப் பல புள்ளிகளில் கவ்விப் பிடிக்கும். பசை வேண்டாம், குழந்தையின் விரலால் இழுத்தால் கழன்றும் வந்துவிடும். 1963 முதல் ஏபிஎஸ் என்ற உறுதியான பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். அந்த வகைக் கட்டைகள் இன்றைய கட்டைகளோடும் பொருந்துகின்றன. பாட்டி விளையாடியதும் பேத்தி வாங்கியதும் ஒன்றோடொன்று சேரும்.

ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மில்லிமீட்டர். ஒரு முழுக் கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். 'பிளேட்' எனப்படும் தட்டைக் கட்டை அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3.2 மில்லிமீட்டர். இந்த எண்களில் ஓர் அழகான பொருத்தம் ஒளிந்திருக்கிறது. ஐந்து பிளேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 16 மில்லிமீட்டர். இரண்டு குமிழ்களின் அகலமும் அதே 16 மில்லிமீட்டர். ஆகவே கட்டைகளைப் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்தினாலும் இடைவெளி இல்லாமல் வந்து உட்காரும். பக்கத்தில் குமிழ் வைத்த சிறப்புக் கட்டைகள் இதற்கென்றே இருக்கின்றன.

டி-ரெக்ஸின் உடல் இந்தக் கணக்கில்தான் உருவாகிறது. குழந்தைகளுக்கான ஜுராசிக் செட்டுகளில் வரும் டைனோசர்கள் அச்சில் வார்த்தவை. தலை, உடல், வால், கால் என்று சில பெரிய துண்டுகளைச் சேர்த்தால் முடிந்தது. காட்சி செட்டில் வரும் மிருகமோ கட்டைகளால் கட்டப்படுவது. முதலில் கட்டுபவர் கையில் இருப்பது கொஞ்சமும் டைனோசர்போல இல்லாத ஒரு கட்டைக் குவியல்தான். நான்கு பக்கமும் குமிழ்கள் துருத்திக்கொண்டிருக்கும். அதன் பக்கவாட்டில் வளைந்த சாய்வுத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பதிக்கும்போது விலா வருகிறது, தொடை வருகிறது, கழுத்தின் மடிப்பு வருகிறது. வின்ஸ்டனின் பட்டறையில் இரும்புச் சட்டத்தின் மேல் தோல் ஏறிய அதே வரிசை!

விவரம் தெரிந்த ரசிகர்கள் இங்கே இன்னொன்றையும் கவனிப்பார்கள். ஒரு வேலைக்காகச் செய்த துண்டை வேறொரு வேலைக்குப் பயன்படுத்தும் சாமர்த்தியம் அது. 2021இல் வந்த போன்சாய் மர செட்டில் செர்ரிப் பூக்களாக இருப்பவை உண்மையில் இளஞ்சிவப்புத் தவளைகள். டைனோசர்களின் நகமும் பல்லும் கொம்புமாக வரும் கூர்முனைத் துண்டுகள் வேறு செட்டுகளில் வேறு ஏதேதோவாக இருக்கும். நான்கு சென்டிமீட்டர் உயரமுள்ள 'மினிஃபிகர்' மனிதர்கள் மட்டும் 1978இல் வந்தது முதல் அடிப்படை உருவ அமைப்பில் பெரிதாக மாறவில்லை. பெரும்பாலும் மாறுவது முகத்திலும் சட்டையிலும் உள்ள அச்சு ஓவியமும் தலைமுடியும் தொப்பியும்தான். சாம் நீல் நடித்த கிராண்டை அவருடைய தொப்பியே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கட்டும் முறையை விளக்கும் கையேட்டில் படிகளெல்லாம் படங்களாகவே இருக்கும். எந்த மொழிக்காரரும் கட்டலாம். எண்ணிட்ட பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, துண்டுகளைப் பரப்பி, நிறம்பிரித்துத் தேடிப் பொருத்த வேண்டும். படத்தில் சில நிமிடங்களில் ஓடிமறையும் காட்சிக்கு இங்கே சில மணிநேரம் ஆகிறது. சக்கரத்தடம், வேலிக்கம்பம், கார் கதவின் பச்சை மஞ்சள் சிவப்புக் கோடுகள் என்று திரையில் பார்த்தும் பார்க்காமல் விட்டவை எல்லாம் விரல்வழியே நினைவுக்கு வருகின்றன. ஒரு படத்தை இத்தனை மெதுவாகப் பார்க்க வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

லெகோவுக்கும் ஸ்பீல்பெர்க்குக்கும் உறவு 2022இல் தொடங்கியதல்ல. 2000ஆம் ஆண்டிலேயே அவர் பெயரைத் தாங்கி ஒரு 'மூவிமேக்கர்' செட் வந்தது. உள்ளே கணினியில் செருகும் கேமரா, படத்தொகுப்பு மென்பொருள், கட்டைகளால் ஆன நகர வீதி, அங்கே அட்டகாசம் செய்ய ஒரு டைனோசர். சிறுவர்கள் பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தித் தாங்களே படம் எடுக்கலாம். ஒருவகையில் அது டிப்பெட்டின் மேஜையையே பெட்டியில் போட்டு விற்றதுதான். அடுத்த ஆண்டு 'ஜுராசிக் பார்க் III' வந்தபோது அதற்கான செட்டுகளும் இதே படப்பிடிப்புத் தளப் பாணியில் வெளியாயின. 2015 முதல் 'ஜுராசிக் வேர்ல்ட்' வரிசை. அதன் நடுவே 1993 படத்துக்கென்றே தனியாகச் சில செட்டுகள் வரத் தொடங்கின.

அவற்றில் 2019இல் வந்த 3,120 துண்டுகளின் பெரிய செட் பலருக்குக் கனவுப் பொருள். பூங்காவின் மர வாயிற்கதவு, அதைவிட மலைக்க வைக்கும் டி-ரெக்ஸ், ஆறு மனிதர்கள். வாயிலின் பின்புறச் சுவரில் கட்டுப்பாட்டு அறை முதலிய குட்டி அறைகள். சட்டை திறந்த மால்கம்கூட உண்டு. ஆனாலும் இரண்டையும் ஒப்பிட்டால் 2022 செட்டின் பக்கமே தராசு சாயும். பெரியதில் படத்தின் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. சிறியதில் ஒரே ஓர் இரவு முழுதாக இருக்கிறது.

2023இல், படத்தின் முப்பதாம் ஆண்டு நிறைவுக்கு ஐந்து செட்டுகள் ஒன்றாக வந்தன. 2025இல் லெகோ வேறொரு திசையில் போனது. இம்முறை சதை இல்லை, எலும்பு மட்டும். 3,145 துண்டுகளில் டி-ரெக்ஸின் முழு எலும்புக்கூடு. நீளம் ஒரு மீட்டரைத் தாண்டி 105 சென்டிமீட்டர். பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. உடன் ஆலன் கிராண்டும் தொல்தாவர ஆய்வாளர் எல்லி சாட்லரும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 105ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 12.6 மீட்டர். சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் நிற்கும் 'சூ' என்ற உண்மையான டி-ரெக்ஸ் எலும்புக்கூட்டின் நீளம் 12.3 மீட்டர். 1990இல் தெற்கு டகோட்டாவில் கண்டெடுக்கப்பட்ட அது, 1997 ஏலத்தில் 83 லட்சம் டாலருக்கு மேல் போனது. அலமாரி எலும்புக்கூடு அளவில் பொய் சொல்லவில்லை. முழு டி-ரெக்ஸுக்கு ஏறக்குறைய 380 எலும்புகள் என்கிறார்கள். பிளாஸ்டிக் பிரதிக்கு அதைப்போல எட்டு மடங்கு துண்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன!

எலும்புக்கூட்டைத் தேர்ந்ததில் ஒரு நியாயமும் உண்டு. இந்தப் படத்தின் முகமே எலும்புக்கூடுதான். மைக்கேல் கிரைட்டனின் நாவல் 1990இல் வெளியானபோது அதன் அட்டைக்காக சிப் கிட் என்ற வடிவமைப்பாளர் வரைந்த கறுப்பு எலும்புருவம், நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டி-ரெக்ஸைத் தழுவியது. படத்தின் சின்னமாகவும் அதுவே ஆனது. பார்னம் பிரவுன் 1902இல் மொன்டானாவில் தோண்டத் தொடங்கிய எலும்புகளுக்கு ஹென்றி ஆஸ்பார்ன் 1905இல் டைரனோசாரஸ் ரெக்ஸ் என்று பெயர் சூட்டினார். 1915இல் அந்த அருங்காட்சியகத்தில் முழு எலும்புக்கூட்டை நிறுத்தியபோது, கங்காருவைப்போல நிமிர்ந்து வாலைத் தரையில் இழுக்கும் தோற்றத்தில் நிறுத்தினார்கள். தலைமுறைகளின் மனத்தில் பதிந்த அந்தத் தோற்றம் தவறு என்று பின்னர் தெரிந்தது. முதுகெலும்பு தரைக்கு இணையாக, வால் பின்னால் நீண்டு தலைக்கு ஈடுகட்ட, தராசுத் தண்டுபோல நடந்த பிராணி அது. 1990களில் அருங்காட்சியகம் தன் எலும்புக்கூட்டைப் பிரித்து மறுபடி பொருத்தியது. கிட்டத்தட்ட அதே காலத்தில் அந்தப் புதிய நடையை உலகம் முழுவதும் கொண்டுசேர்த்தது ஸ்பீல்பெர்க்கின் படம். 2025 செட்டும் அப்படித்தான் நிற்கிறது. தலை, தாடை, கை, வால் ஆகியவற்றை அசைக்கலாம்.

படத்தின் முடிவையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பார்வையாளர் மையத்தின் நடுக்கூடத்தில் ஒரு டி-ரெக்ஸ் எலும்புக்கூடு தொங்குகிறது. கடைசிச் சண்டையில் உயிருள்ள டி-ரெக்ஸ் உள்ளே நுழைந்து, ராப்டர் ஒன்றை வீசி, தன் இனத்தின் எலும்புக்கூட்டையே நொறுக்குகிறது. திரைக்கதையின் முந்தைய வடிவத்தில் அந்த முடிவு இல்லை. படப்பிடிப்பின்போது, ரசிகர்கள் டி-ரெக்ஸை இன்னொரு முறை பார்க்க ஆசைப்படுவார்கள் என்று உணர்ந்து ஸ்பீல்பெர்க் சேர்த்தது அது.

எல்லாவற்றிலும் படம் அறிவியலுக்கு உண்மையாக இருந்ததென்று சொல்ல முடியாது. டி-ரெக்ஸ் வாழ்ந்தது ஜுராசிக் காலத்தில் அல்ல, அதற்குப் பிந்தைய கிரெட்டேசியஸ் காலத்தின் இறுதியில், சுமார் 6 கோடியே 80 லட்சம் முதல் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அசையாமல் நின்றால் அதற்குக் கண் தெரியாது என்று கிராண்ட் சொல்வதும் சரியல்ல. இரு கண்களும் முன்னோக்கிப் பார்க்கும்படி அமைந்த அதன் மண்டையோடு, மிகக் கூர்மையான பார்வையைத்தான் காட்டுகிறது. அந்த இரவில் உறைந்து நின்றிருந்தாலும் கிராண்ட் தப்பியிருக்க மாட்டார்.

இனி, பணம். லெகோ செட்டுகள் சில காலம் விற்பனையில் இருந்துவிட்டு நிறுத்தப்படும். பிறகு கிடைப்பது சேகரிப்பாளர்கள் சந்தையில்தான். 1987 முதல் 2015 வரையிலான செட்டுகளின் மறுவிற்பனை விலைகளை மாஸ்கோவின் உயர்நிலைப் பொருளாதாரக் கல்வி நிறுவன ஆய்வாளர்கள் அலசியபோது, பிரிக்காத பெட்டிகளின் விலை சராசரியாக ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கும் மேல் உயர்ந்திருந்தது. சராசரி என்பதை அடிக்கோடிட வேண்டும். சில செட்டுகள் பல மடங்கு ஏறின, சில வாங்கிய விலைக்கே போகவில்லை. இதை நம்பி அலமாரி நிறைய பெட்டிகளை அடுக்கிவைத்துக் காவல் காப்பவர்கள் உண்டு. பாவமாகத்தான் இருக்கிறது. பிரிக்காத பெட்டிக்குள் டி-ரெக்ஸ் இல்லை. 1,212 துண்டுகள் மட்டுமே இருக்கின்றன. எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் அவற்றை 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதவியலாளர்கள் எண்ணிச் சொன்னார்கள். 1,212 துண்டுகளுக்கு இருக்கும் எண்ணற்ற வழிகளில் மழை இரவுக்குப் போகும் ஒரு வழியில் யாராவது கைவைத்து நடந்தால்தான் அந்த மிருகம் வரும்.

கட்டி முடித்ததோடு நிறுத்தாதவர்களும் இருக்கிறார்கள். லெகோ உருவங்களை உயிருள்ளவைபோலப் படம்பிடிப்பது இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கும் ஒரு தனிப் பொழுதுபோக்கு. கேமராவைத் தரையோடு தரையாக, மினிஃபிகரின் கண் உயரத்துக்கு இறக்குவார்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்திலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலால் மேலிருந்து மெல்லத் தூவினால், பெட்டிக்குள் இல்லாத மழையும் வந்துவிடும். துளிகள் டி-ரெக்ஸின் முதுகில் உருண்டு, காரின் கூரையில் தேங்கி, சேற்றில் பளபளக்கும்.

படம் எடுத்து முடித்ததும் துவட்ட வேண்டும். ஏபிஎஸ், நுரை ரப்பரைப்போலத் தண்ணீரைக் குடிக்காது என்பதால் ஒரு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றினாலே போதும். ஸ்டிக்கர் ஒட்டிய இடம் இருந்தால் மட்டும் அதை முதலில் ஒற்றிவிட வேண்டும்.